மழைநீர்க் குழாய்

மூன்றாவது கழிப்பறையிலும் தண்ணீர் இறங்கவில்லை. கானாங் இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் பீங்கானின் விளிம்புவரை ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே நின்றது. நீளக் கம்பு செருகிய ரப்பர் கிண்ணத்தால் நாலைந்து தடவை அழுத்தினாள். அடியிலிருந்து குமிழிகள் வந்தன. நாற்றம் வந்தது. தண்ணீர் மட்டும் போகவில்லை.

வெளியே காலை வரிசை நின்றது. சரோங்கை மார்புக்கு மேல் முடிந்த பெண்கள், கையில் ஆளுக்கொரு சிறு வாளி. சிலர் தோளில் துண்டு. ஆண்கள் பக்கம் இரண்டு அறைகள்தான். அங்கேயும் வரிசை கால்வாய்ச் சுவர்வரை போயிருந்தது.

"டாயெங் கானாங்! உள்ள என்ன குழம்பா வைக்கிற? என் பையன் குதிச்சிக்கிட்டிருக்கான்," என்று ஒருத்தி கத்தினாள். டாயெங் என்பது அங்கே பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்ப்பது.

"இப்பக் குதிக்கிறவன் நேத்து கல்யாண வீட்டுல மூணாவது தட்டு வாங்கும்போது யோசிச்சிருக்கணும்," என்றாள் பின்னால் நின்றவள்.

வரிசை சிரித்தது. கானாங் வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். தாழ்ப்பாளில் துணி தொங்கினால் அந்த அறை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நேற்று இரண்டாவது அறைக்குத் துணி போட்டிருந்தாள். சிரிப்பு நின்றது.

"மறுபடியுமா? நோன்புக்கு முன்னாடிதானே லாரி வந்து உறிஞ்சிட்டுப் போச்சு?"

"ஆமா."

"இன்னும் ஹஜ் பெருநாள்கூட வரலியே."

கானாங் ரப்பர் கிண்ணத்தைக் கழுவிச் சுவரில் சாய்த்தாள்.

கழிப்பறையின் முகப்பில் தகரப் பலகை ஒன்று இருந்தது. இரண்டு கைகள் குலுக்கும் படமும், வெளிநாட்டு எழுத்தும், மகாஸர் நகராட்சியின் முத்திரையும் அதில் வெயிலில் வெளுத்திருந்தன. வெளிநாட்டு உதவிப் பணத்தில்தான் கட்டடமும், முற்றத்துச் சிமெண்டுக்கு அடியில் பெரிய டேங்கும் வந்தன. டேங்கைக் காலி செய்ய நகராட்சி லாரி மூன்று வருடத்துக்கு ஒருமுறை இனாமாக வரும். நடுவில் நிறைந்தால் சந்துக்காரர்களே பணம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். நோன்புக்கு முன் வந்த லாரி அப்படி வந்ததுதான். குடும்பங்கள் மாதாமாதம் கட்டிச் சேர்த்த பணம் அன்றே தீர்ந்துவிட்டது.

இடுப்பில் ஜலங்கோத்தேக் கூடையோடு ரன்னு வந்தாள். விடியுமுன் மாவு பிசைந்து, காய்கறி அடைத்துப் பொரித்து, காலையில் விற்பவள். கழிப்பறைப் பணத்தை வசூலித்து வைத்திருப்பவளும் அவள்தான். தாழ்ப்பாள்களில் தொங்கிய துணிகளைப் பார்த்தாள்.

"சில வீட்டுல ஒரு குடும்பம்னு பணம் கட்டுறாங்க," என்று பொதுவாகச் சொன்னாள். "மருமகன், மருமகனோட தம்பி, தம்பியோட கூட்டாளி எல்லாரும் அந்த ஒரு குடும்பத்துல அடக்கம்."

"யாரைச் சொல்ற?" என்றாள் குதிக்கும் பையனின் தாய்.

"பேரு சொன்னேனா? உனக்கு ஏன் குத்துது?"

"என் மருமகன் கப்பல்ல இருக்கான். மாசத்துல நாலு நாள்தான் இங்க இருக்கான்."

"அந்த நாலு நாளும் ஒரு மாசத்துக்குண்டானதப் போயிடுறான் போல."

இந்தமுறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மற்றவர்கள் முன்னால் நிற்பவளின் வாளியையும் பின்னால் நிற்பவளின் பிள்ளைகளையும் பார்த்தார்கள். ரன்னுவின் பார்வை சந்தின் வாய்க்குப் போயிற்று. அங்கே மோட்டார் ரிக்‌ஷாக்கள் சவாரிக்காகக் காத்து நின்றன.

"நம்ம சந்து வயிறு இவ்வளவு பெருசுன்னு எனக்குத் தோணல. வெளியாளு வயிறும் எங்கயோ சேருது."

கானாங் குனிந்து துடைப்பத்தை அலசத் தொடங்கினாள். அலசி முடித்ததை மறுபடியும் அலசினாள்.

கழிப்பறைச் சுவரை ஒட்டிப் பலகையால் அடைத்த ஓர் அறை. கானாங்கின் கழிப்பறை வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. பாவோதெரே துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை சரிந்து அவள் கணவன் லிவாங்கின் வலது பாதம் நசுங்கிய பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அவனும் கானாங்கும் இங்கே வந்தார்கள். ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, துணிகளுக்கு ஒரு அட்டைப் பெட்டி. லிவாங் பாயில் உட்கார்ந்து மீனவர்களின் வலையைப் பின்னிக் கொடுப்பான். பலகை இடுக்கு வழியாகச் சந்து முழுவதும் கேட்கும்.

"சொல்லிடு," என்றான் அவள் உள்ளே வந்ததும்.

"என்னத்த?"

"டப்பாவப் பத்தி. அவளா கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

சுவரில் அடித்த பலகைத் தட்டில் மார்ஜரின் டப்பா ஒன்று இருந்தது. ரிக்‌ஷாக்காரர்களில் மூன்று பேர், வரிசை இல்லாத பகல் நேரத்தில், அதில் சில்லறை போட்டுவிட்டு ஆண்கள் பக்கம் போய்வருவார்கள். அந்தச் சில்லறையில் கானாங் குளோரின் பவுடரும் தேய்க்கும் பிரஷும் வாங்கினாள். பவுடருக்குச் சந்தின் பணத்தில் ஒதுக்கவில்லை.

"சொன்னா பவுடர் வாங்கினது யாரு கண்ணுக்குத் தெரியும்? காசு வாங்கினது மட்டும்தான் தெரியும்."

"மூணு பேரு. மூணு பேரு பேண்டா டேங்க் ரொம்பிடுமா?"

"மெதுவாப் பேசுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறா."

லிவாங் குரலைத் தாழ்த்தினான். "அவ மட்டும் ஒழுங்கா? வசூல் பண்ற பணத்த அவ எங்க வைக்கிறாளோ, யாரு பாத்தா?"

கானாங்கும் அதை நினைத்திருக்கிறாள். ரன்னு போன மாதம் புது எண்ணெய்ச் சட்டி வாங்கினாள். அன்றிலிருந்து, அந்தச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அது எந்தப் பணம் என்று கானாங்குக்குத் தோன்றும்.

அடுத்த நாட்களில் சந்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார், யார் பிள்ளை இரண்டாவது தடவை போகிறது, யார் வாளி பெரியது என்று ஜன்னல்கள் பார்த்தன. தையற்காரர் ஹம்ஸா தன் மெஷினைத் திருப்பி, கழிப்பறையைப் பார்க்கும்படி போட்டுக்கொண்டார். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்றார். குதிக்கும் பையனின் தாய் தன் குடும்பத்தை விடியுமுன்னே எழுப்பிக் கூட்டிவந்தாள். அதையும் ஒருத்தி பார்த்துவைத்து, மற்றவர்களிடம் சொன்னாள்.

கானாங் டப்பாவைத் துணிப் பெட்டிக்குள் மறைத்தாள். ரிக்‌ஷாக்காரர்களிடம் சில நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னாள். அப்படியும் நாலாவது அறைக்கும் துணி போட வேண்டி வந்தது.

மதியம் கழிப்பறையில் யாரும் இல்லாதபோது, அறையில் படுத்திருந்தால் தரைக்கு அடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வெகுநாட்களாகக் கேட்கிற சத்தம். கடல் ஏறும்போது கால்வாய்த் தண்ணீர் எந்த விரிசல் வழியாகவோ டேங்குக்குள் வருகிறது என்று கானாங் நினைத்திருந்தாள். முன்பொரு தடவை சந்தின் வாயில் இருக்கிற ஹாஜி பாஸோவிடம் சொன்னாள். கால்வாய்க் கரையில் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். டேங்க் நிறைந்துவிட்ட இந்த நாட்களில் சத்தம் மாறியிருந்தது. விழுவதுபோல் இல்லை. தண்ணீருக்குள் தண்ணீர் கலக்கிறது போலிருந்தது.

சந்தின் வாயில் மூன்று மாடிப் பச்சைக் கட்டடம் ஹாஜி பாஸோவுடையது. கல்லூரி மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிறார். கழிப்பறைக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கூட்டத்தை அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். மாணவர்களின் மோட்டார் சைக்கிள்களை ஓரமாகத் தள்ளி, பளிங்குத் தரையில் பாய் விரித்தார்கள். தட்டுகளில் வாழை இலையில் வேகவைத்த வாழைப்பழப் பலகாரம் வந்தது. எல்லோருக்கும் இனிப்புத் தேநீர்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்காக நான் கூப்பிடல," என்றார் ஹாஜி. மெதுவாகத்தான் எப்போதும் பேசுவார். "அந்தக் கட்டடம் நம்ம மாதிரி ஏழைங்களுக்குன்னு வந்த பணம். நாமதான் காப்பாத்தணும். லாரிக்கு இப்ப யாருகிட்டயும் பணம் இல்லன்னு தெரியும். நான் போடுறேன். அப்புறம் மெதுவா எல்லாரும் சேர்ந்து திருப்பிக் கொடுங்க."

பாயில் இருந்தவர்களின் தோள்கள் தளர்ந்தன. ஒருவர் அல்லாஹ் அவருக்கு நிறையக் கொடுக்கட்டும் என்றார். பலகாரத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

"கொடுக்கிறோம் ஹாஜி," என்றாள் ரன்னு. "ஆனா ரொம்புற காரணத்தக் கண்டுபிடிக்காம எத்தனை தடவை கொடுக்கிறது? வெளியாளு வர்றாங்க. நான் சொல்றேன், வர்றாங்க."

ஹாஜி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "டாயெங் கானாங், நீங்கதான் முழு நேரமும் அங்க இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த கானாங்கின் பக்கம் எல்லா முகங்களும் திரும்பின. லிவாங் வந்திருந்தால் ஏதாவது ஜாடை காட்டியிருப்பான். அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

"மூணு பேரு," என்றாள். "ரிக்‌ஷாக்காரங்க. பகல்ல மட்டும். சில்லறை போடுவாங்க. பவுடரும் பிரஷும் அதுலதான் வாங்கினேன். வேற ஒண்ணுக்கும் எடுக்கல."

ஹம்ஸா பக்கத்திலிருந்தவரின் முழங்காலைத் தட்டினார்.

"நான் சொன்னேன்ல," என்றாள் ரன்னு.

"டாயெங் ரன்னு, பவுடருக்குப் பணம் இல்ல, எப்படியாவது பாத்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பாத்துக்கன்னு சொன்னேன். கடை போடுன்னா சொன்னேன்?"

கூடம் முழுவதும் சிரித்தது. கானாங்கும் சிரிக்க முயன்றாள். மாடியில் ஏதோ ஒரு குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் சுவருக்குள் இறங்கிப் போயிற்று.

"சரி, சரி," என்றார் ஹாஜி. "உண்மையச் சொன்னாங்க, அது நல்ல விஷயம். முதல்ல லாரி வரட்டும். மத்ததப் பிறகு பேசலாம்."

லாரி மறுநாள் மதியம் வந்தது. சந்துக்குள் நுழையாது. ஹாஜியின் கட்டடத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, லாரிக்காரன் யூனுஸ் பருமனான ஹோஸைத் தோளில் போட்டு இழுத்து வந்தான். முற்றத்துக் கொடியிலிருந்த துணிகளைப் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கடப்பாரையால் நெம்பி இரும்பு மூடியைத் திறந்தான். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அருகே வந்தார்கள். ஹாஜி கொடுத்த பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குச் சந்தில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். லிவாங்கும் கம்பை ஊன்றி வாசல்வரை வந்து நின்றான்.

இயந்திரம் ஓடியது. ஹோஸ் உயிருள்ளதுபோலத் துடித்தது. கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்று, லாரிப் பக்கம் சத்தம் மாறியது. யூனுஸ் லாரியில் இருந்த உதவியாளுக்குக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். ஹோஸின் நுனியை வெளியே இழுத்தான். அதன் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பந்து இருந்தது. கொக்கியால் இழுத்தான். துணிபோல நீளநீளமாக வந்தது, கிழியவில்லை. இன்னும் இழுத்தான். முற்றத்தில் ஒரு சிறு குவியல் ஆனது.

"யாருங்க இங்க இவ்வளவு டிஷ்யூ போடுறது?" என்றான். "ஈர டிஷ்யூ. பாக்கெட்டுல விக்கிறது. பெரிய ஓட்டல் டேங்குலதான் இப்படி வரும்."

"டிஷ்யூவா?" என்றாள் குதிக்கும் பையனின் தாய். "நாங்க வாளித் தண்ணியில கழுவுற ஜாதி. பாக்கெட்டு வாங்கித் துடைக்க நாங்க என்ன மேயர் வீட்டுப் பொண்ணுங்களா?"

ஓரிருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பச்சைக் கட்டடத்து வாசலில் தினமும் காலையில் வைக்கும் குப்பைக் கூடையில் அந்தப் பாக்கெட்டுகள் இருக்கும். மேலே பூப்படம் போட்ட, பிளாஸ்டிக் மூடி ஒட்டிய பாக்கெட்டுகள். பிள்ளைகள் அந்த மூடிகளைப் பிய்த்து எடுத்துவந்து விளையாடுவார்கள்.

யூனுஸ் மறுபடியும் ஹோஸை இறக்கினான். மட்டம் குறையக் குறைய டேங்கின் சுவர் தெரிந்தது. கழிப்பறைப் பக்கம் இருந்து வரும் குழாயின் வாய் தெரிந்தது. அதற்கு எதிர்ச் சுவரில், சந்தின் வாயைப் பார்த்த பக்கத்தில், இன்னொரு குழாயின் வாய் தெரிந்தது. சாம்பல் நிறப் பெரிய குழாய். சுற்றிலும் பூசிய சிமெண்டு வேறு நிறமாக இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு வீச்சுத் தண்ணீர் வந்து விழுந்தது. வெள்ளை நுரை.

கழிப்பறைகள் ஐந்திலும் துணி தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

"இது எந்த வீட்டு லைன்?" என்றான் யூனுஸ்.

அந்தக் குழாயை லிவாங்குக்குத் தெரியும். அவன் தோளில் சுமந்து வந்தது. முந்தைய வருட நோன்புக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலச் சந்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பொது வேலை செய்தார்கள். என் மாடித் தண்ணீர்தான் மழைக்காலத்தில் சந்தில் தேங்குகிறது, ஒரு குழாய் போட்டுக் கால்வாயில் விட்டுவிடலாம் என்றார் ஹாஜி. அப்போது லிவாங்குக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. ஹம்ஸா மண்வெட்டி பிடித்தார். மசூதியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கூடக் கூடை தூக்கினார். சாயங்காலம் ஹாஜி மாட்டுக்குடல் போட்ட சோத்தோ சூப் வைத்தார், ஆளுக்கு இரண்டு கிண்ணம். குழாயைக் கால்வாயில் சேர்க்கும் கடைசித் துண்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று சொன்னார்.

"மழைத்தண்ணிக் குழாய்," என்றார் ஹம்ஸா.

யூனுஸ் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். ஒரு மேகமும் இல்லை. குழாயிலிருந்து இன்னொரு வீச்சு விழுந்தது.

"சோப்பு மழையா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கென்ன, ரொம்புனா எனக்குத்தான் வேலை. ஆனா ஒண்ணு. இந்தப் பக்கத்து வாடகைக் கட்டடம் எல்லாத்துக்கும் என் லாரிதான் போகுது. உங்க மாதிரிச் சந்துக்கு ஒரு ரேட்டு, அவங்களுக்கு மூணு மடங்கு. அந்தப் பச்சைக் கட்டடத்துல இருந்து மட்டும் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. அதோட டேங்க் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஹாஜி பாஸோ சந்தில் நடந்து வந்தார். பின்னால் வந்த வேலைக்காரப் பெண் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய குளிர்ந்த தேநீரைத் தட்டில் ஏந்தி வந்தாள்.

"முடிஞ்சுதா? வெயில்ல நிக்கிறீங்களே, எல்லாரும் எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார்கள். உறிஞ்சு குழாயை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

"ஹாஜி," என்றான் லிவாங். கம்பை ஊன்றி ஓர் அடி முன்னால் வந்தான். "அந்தக் குழாயி..."

ஹாஜி குனிந்து டேங்குக்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மழைக் குழாய்தானே டாயெங் லிவாங்," என்றார். "நீங்கதானே போட்டீங்க."

லிவாங் கம்பை மாற்றி ஊன்றித் திரும்பினான். அவன் ஹம்ஸாவைப் பார்த்தான். ஹம்ஸா கையிலிருந்த தேநீர்ப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெஷின் போட்டிருந்த அறை ஹாஜியுடையது. சந்தின் எல்லா வீட்டுக்கும் குடிதண்ணீர் ஹாஜியின் மீட்டரிலிருந்துதான் ரப்பர் குழாயில் வந்தது. ரன்னுவின் கூடை தினமும் பச்சைக் கட்டடத்து வாசலில்தான் காலியாகும்.

"டாயெங் ரன்னு, நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள் கானாங்.

"எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியல," என்றாள் ரன்னு. "உள்ள இருட்டா இருந்துச்சு."

யூனுஸ் மூடியை இழுத்துப் போட்டான். இரும்பு சிமெண்டில் விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். டிஷ்யூக் குவியலைக் கானாங்தான் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ரன்னுவும் ஹம்ஸாவும் கானாங்கின் அறை வாசலுக்கு வந்தார்கள். உள்ளே வரச் சொன்னதற்கு, இல்லை, இங்கேயே நிற்கிறோம் என்றார்கள்.

ஹம்ஸாதான் பேசினார். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று இரண்டு தடவை சொன்னார். ஹாஜி போட்ட பணத்தைத் திருப்ப ஒவ்வொரு குடும்பமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். எல்லோரும் கட்டி முடிக்கும்வரை கழிப்பறை பூட்டியிருக்கும். அப்போதுதான் கட்டாதவர்களுக்குப் புத்தி வரும். வெளியாட்களை விட்டது விதிக்கு விரோதம். அதனால் வேலைக்கு வேறு ஆள். அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். மாணவர்களின் வண்டிகள் கீழ்த்தளத்தில் அடங்காமல் வெயிலில் நிற்கின்றன, ஹாஜிக்கு அந்த இடம் தேவைப்படுகிறது.

"ஹாஜி பெரிய மனசு பண்ணிட்டாரு," என்றார். "நீ வாங்கின சில்லறையத் திருப்பிக் கேக்கல."

"எந்தக் காலத்துல இருந்து நீங்க ஹாஜிக்கு வாய் ஆனீங்க, டாயெங் ஹம்ஸா?" என்றான் உள்ளேயிருந்து லிவாங். "அன்னிக்கு மண்ணு வெட்டின கை யாருது?"

"நீயும்தான் ரெண்டு கிண்ணம் குடிச்ச," என்று சொல்லிவிட்டு ஹம்ஸா வேகமாகப் போய்விட்டார்.

ரன்னு நின்றாள். சரோங் மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வாசற்படியில் வைத்தாள். எண்ணெய் ஊறிய தாளுக்குள் ஜலங்கோத்தே.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, கானாங்," என்றாள். "அந்தக் குழாய அடைச்சா அவரு தண்ணிக் குழாய அடைப்பாரு. பேள்றதுக்குக் கால்வாய் இருக்கு. குடிக்கிறதுக்கு எங்க போறது?"

"அதுக்கு நான் போகணுமா?"

ரன்னு திரும்பினாள். போகும்போது கழிப்பறைக் கதவுகளில் இருந்த ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, கொடியில் போட்டுவிட்டுப் போனாள். அவற்றின் இடத்தில் சாயங்காலம் பூட்டுகள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிக்‌ஷாக்காரர்களில் ஒருவன் வண்டியைச் சந்துக்குள் கொண்டுவந்தான். பாய், அடுப்பு, அட்டைப் பெட்டி, பின்னி முடிக்காத வலை. எல்லாம் ஓட்டுபவனுக்கு முன்னால் இருந்த சவாரி இருக்கையில் அடங்கியது. லிவாங்கைத் தூக்கி அவற்றுக்கு நடுவில் உட்காரவைத்தான்.

"எவ்வளவு ஆகும் சொல்லுப்பா," என்றாள் கானாங். துறைமுகத்துக்குப் பின்னால் லிவாங்கின் அக்கா வீடு. அவளுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

"காசா? உங்க டப்பாவுக்கு நான்தான் கடன்பட்டிருக்கேன் டாயெங். ரெண்டு தடவை சில்லறை போடாம ஓடியிருக்கேன்."

"ரெண்டா? நாலு."

அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். கல்லூரி விடுமுறை நாள் என்றாலும் பச்சைக் கட்டடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். மாடியில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள்.

பெண்கள் சிறு வாளிகளோடு வந்தார்கள். பூட்டுகளைப் பார்த்தார்கள். குதிக்கும் பையனின் தாய் ஒரு பூட்டைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள். யாரும் கானாங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கழிப்பறையைச் சுற்றிக் கால்வாய்ச் சுவரின் உடைந்த இடத்துக்குப் போனார்கள். ஒருத்தி இறங்கினாள். மற்ற இருவர் ஒரு சரோங்கைப் பிரித்து, இரண்டு முனைகளையும் பிடித்து, அவளுக்கு மறைப்பாக நின்றார்கள். காற்றில் அது புடைத்தது. இறுக்கிப் பிடித்தார்கள்.

கானாங் அறைக்கு வெளியே சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுக்கத் திரும்பினாள். அது அவள் காசில் வாங்கியது. முற்றத்தைத் தாண்டி வரும்போது இரும்பு மூடியின் மேல் நின்றாள்.

ஐந்து கதவுகளும் பூட்டியிருந்தன. காலடியில், காலி டேங்குக்குள், தண்ணீர் விழுந்தது. ஆழத்தில் அடித்து எதிரொலித்தது. கொஞ்சம் ஓய்ந்து, மறுபடியும் விழுந்தது.